பூனையோடு கடல் கடப்பதும் ஊர் திரும்புவதும்

சுவாமிமலையில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இது: கணவருக்கு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பதினெட்டு மாத வேலை, வருகிற ஜூன் மாதம் குடும்பத்தோடு புறப்பட வேண்டும், காவிரிப் படித்துறையில் குட்டியாகக் கிடந்து, எடுத்து வளர்த்து, இப்போது மூன்று வயதாகும் பெண் பூனையையும் அழைத்துச் செல்ல வேண்டும், வேலை முடிந்ததும் அதோடு ஊர் திரும்ப வேண்டும். என்னென்ன சான்றுகள் தேவை, திருச்சி விமான நிலையத்திலிருந்தே போய்வர முடியுமா, பூனையை மாதக்கணக்கில் அடைத்து வைப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்படிப் புறப்பட்ட பல குடும்பங்களின் ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பூனை போகலாம். முறையாகச் செய்தால் ஜெர்மனியில் ஒரு நாள்கூட அடைபட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இதில் சான்றுகளின் எண்ணிக்கையைவிட அவை எடுக்கப்பட்ட வரிசையும் தேதியும்தான் முக்கியம். இரண்டாவது, திரும்பி வரும் பயணம் போகும் பயணத்தைவிடச் சிக்கலானது. அதற்கான ஏற்பாடு, நீங்கள் சுவாமிமலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

எல்லா விதிகளுக்கும் பின்னால் இருப்பது வெறிநாய்க்கடி நோய் என்று நாம் சொல்லும் ரேபிஸ். ஜெர்மனி உள்ளிட்ட மேற்கு ஐரோப்பிய நாடுகள் தங்கள் நாய்களிடமிருந்தும் காட்டு நரிகளிடமிருந்தும் அதை ஒழித்துவிட்டன; நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. ஆகவே ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நம்பத்தக்கவை என்று பட்டியலிட்டிருக்கும் நாடுகளுக்குள் இந்தியா இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளுக்கு ஒன்றியத்தின் விதி வகுத்திருக்கும் வழி இதுதான்: முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி, ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, இறுதியாக அரசு கால்நடை மருத்துவ அலுவலரின் நலச்சான்று.

மைக்ரோசிப் என்பது ஏறக்குறைய ஓர் அரிசி மணி அளவே உள்ள கண்ணாடிக் குப்பி. பூனையின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்தப்படுவது. அதற்கு மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பூனை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் பலர் அப்படி எண்ணிக்கொண்டு பூனையை வெளியே விட்டுவிடுகிறார்கள். சிப் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். போட்டவுடன் மருத்துவரே கருவியால் படித்து, அந்த எண்ணையும் தேதியையும் தடுப்பூசி அட்டையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எண் ஒட்டப்பட்ட சிறு சீட்டுகளைத் தொலைத்துவிடாமல் வைத்திருங்கள், அடுத்து வரும் ஒவ்வொரு தாளிலும் அவை தேவைப்படும்.

உங்கள் பூனைக்குச் சென்ற ஆண்டே ரேபிஸ் ஊசி போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பூனைக்கு நல்லது; ஆனால் ஐரோப்பியக் கணக்கில் அது சேராது. சிப் இல்லாத பூனைக்குப் போட்ட ஊசி எந்தப் பூனைக்குப் போட்டது என்பதை நிரூபிக்க வழியில்லை என்பதால், சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பின்னரோ போட்ட ஊசியைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். பாபநாசம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இதுதான் நேர்ந்தது. அவர்கள் நாடிய தனியார் மருத்துவமனையில் ஊசியை முதலில் போட்டு, நான்கு நாள் கழித்துச் சிப் வந்ததும் அதைப் பொருத்தினார்கள். இரத்தப் பரிசோதனையும் முடிந்து, பயணச்சீட்டும் எடுத்த பிறகுதான் தேதிகளின் முரண்பாடு கண்ணில் பட்டது. ஊசி, இரத்தம், காத்திருப்பு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. குடும்பம் முன்னே போக, பூனை நான்கு மாதத்துக்கு மேல் பாட்டியிடம் இருந்து, பிறகுதான் போய்ச் சேர்ந்தது. நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட முடியாது என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலை.

உங்கள் தேதிகளை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். பொங்கல் கழிந்து ஜனவரி 20 அன்று சிப்பும் ஊசியும் போட்டுவிட்டால், 30 நாள் தாண்டி, சில நாள் கூடுதலாகவே விட்டு, பிப்ரவரி 23 அன்று இரத்தம் எடுக்கலாம்; மே 23-உடன் மூன்று மாதம் நிறைவடையும். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிப் புறப்படுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் கையில் மூன்று வாரத்துக்குச் சற்றே குறைவான அவகாசம் இருக்கிறது. பரிசோதனையில் தேறாமல் போனால் அந்த அவகாசம் போதாது. அதனால் பொங்கல் வரை காத்திருக்காமல், இந்தக் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுவதுதான் என் யோசனை.

இரத்தப் பரிசோதனை ஏன், அதற்குப் பிறகு காத்திருப்பு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசி போட்டது மட்டும் போதாது, அது வேலை செய்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஆகவே இரத்தச் சீரத்தில் ஒரு மில்லி லிட்டருக்குக் குறைந்தது 0.5 பன்னாட்டு அலகு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் எதிர்ப்பொருள் இருப்பது ஊசியால் வந்ததா, அல்லது ஏற்கெனவே நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்ததால் வந்ததா என்பதை அந்த எண் மட்டும் பிரித்துக் காட்டாது. ரேபிஸ் கிருமி நரம்பு வழியே மூளையை எட்ட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். எட்டிவிட்டால் விலங்கு சில நாட்களில் இறந்துவிடும். இரத்தம் எடுத்து மூன்று மாதம் கழித்தும் பூனை நலமாக இருந்தால், அந்தப் பாதுகாப்பு ஊசியால் வந்தது என்று நம்பலாம். அந்த மூன்று மாதத்தை நம் வீட்டிலேயே கழிக்க விடுவதால்தான் அங்கே போய்ச் சேர்ந்த பின் அடைத்து வைக்க வேண்டியதில்லை என்று எண்ணினால், இந்த விதி அவ்வளவு கடுமையாகத் தோன்றாது.

அந்தப் பரிசோதனையை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களின் பட்டியலை ஒன்றியமே வெளியிடுகிறது. பிரான்சின் நான்சி நகரில் உள்ள ஆய்வகம் இவ்வகைப் பரிசோதனைகளில் மற்ற ஆய்வகங்களுக்கு அளவுகோலாக ஒன்றியம் நியமித்திருக்கும் ஆய்வகம். பட்டியலில் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அங்கே செல்லாது. இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, சிப் எண் எழுதி, குளிர்ச்சி குறையாமல் அனுப்ப வேண்டியிருப்பதால், இதைப் பழக்கமாகச் செய்யும் மருத்துவரிடமே போவது நல்லது. தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூரில் ஐயம் ஏற்பட்டால் அங்கே கேட்டுத் தெளிவது சென்னைக்கு ஓடுவதைவிட எளிது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் ஊசி போட்ட பூனைகளில் சிலவற்றுக்கு 0.5 எட்டாமல் போவதுண்டு. உங்கள் பூனைக்குச் சென்ற ஆண்டு ஊசி இருப்பதால், இப்போது போடுவது உடலுக்கு இரண்டாவது ஊசி. தேறுவதற்கு அது துணை செய்யும். கணக்கில் சேராவிட்டாலும் அந்த ஊசி வீண் போகவில்லை.

ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகளை முந்தைய ஊசியின் காலாவதித் தேதிக்கு முன்பே போட்டு வரும்வரை, அந்தப் பரிசோதனை மறுபடி தேவையில்லை. ஒரே ஒரு நாள் தவறினாலும், அடுத்த ஊசி முதல் ஊசியாகவே கருதப்பட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஊசி அட்டையில் மருந்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், போட்ட தேதி, செல்லுபடியாகும் கடைசித் தேதி ஆகிய நான்கும் தெளிவாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது திருச்சி. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் நம் டெல்டா மக்கள் திருச்சியிலிருந்தே பறந்து பழகிவிட்டதால் இந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையின் கீழ் இயங்கும் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் தமிழ்நாட்டில் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விலங்கு அத்தகைய நிலையம் உள்ள நகரங்களின் வழியாக மட்டுமே நாட்டுக்குள் வரலாம். திருச்சி விமான நிலையமும், இலங்கைக்குக் கப்பல் விடும் நாகப்பட்டினமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே போகும்போதும் வரும்போதும் சென்னை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் பள்ளிக்கரணையில் உள்ள அந்த நிலையத்தில் விண்ணப்பித்து, பூனையை நேரில் காட்டி, ஏற்றுமதி நலச்சான்று பெற வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தந்த உடல்நலச் சான்று, ஊசி அட்டை, ஆய்வக முடிவு, கடவுச்சீட்டு, பயணச்சீட்டு ஆகியவற்றின் நகல்கள் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று வகுக்கப்பட்ட சான்று வடிவம் தனி. அது ஆங்கிலத்திலும், ஒன்றியத்துக்குள் முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: சேருமிடம் ஃபிராங்க்ஃபர்ட்டாக இருந்தாலும் பாரிஸில் விமானம் மாறினால், நுழையும் நாடு பிரான்ஸ்தான். நேராக ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும் பயணத்தையோ, வளைகுடா வழியாக வந்து அங்கே இறங்கும் பயணத்தையோ தேர்ந்தெடுத்தால் ஜெர்மன் மொழியில் இருந்தால் போதும். வளைகுடா வழி என்றால், இடையில் மாறும் விமான நிலையத்தில் பூனையை எப்படிக் கையாள்வார்கள் என்பதையும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்று வழங்கிய நாளிலிருந்து 10 நாளுக்குள் ஒன்றியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது. கடைசி வாரத்தைச் சென்னையில் உறவினர் வீட்டில் கழிப்பதாகத் திட்டமிடுங்கள். பூனை உங்களுடைய விமானத்திலோ, உங்கள் பயணத்துக்கு முன்னோ பின்னோ ஐந்து நாளுக்குள்ளோ வந்தால்தான் சொந்த வளர்ப்பு விலங்காகக் கருதப்படும். விற்பனைக்கு அல்ல என்று நீங்கள் எழுதித் தரும் உறுதிமொழியும் சான்றோடு இருக்க வேண்டும்.

பூனையின் உடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தாள்களைச் சரிபார்க்கும் கவலையில் அது மறந்துபோகிறது. கூண்டை இன்றைக்கே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டின் நடுவே வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். நான்கைந்து மாதத்தில் அது பூனைக்குச் சொந்த அறையாகிவிடும். சுவாமிமலையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதற்கு முன் தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்குமாக இரண்டு மூன்று முறை காரில் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். விமானத்துக்குள் மடிக்கருகே வைத்துக்கொள்ள அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் பல, கூண்டோடு சேர்த்து 8 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. இடம் குறைவு என்பதால் உங்கள் சீட்டை எடுக்கும்போதே பூனைக்கும் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் கூண்டை எந்திரத்தில் அனுப்பிவிட்டு, பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். எவ்வளவு சாதுவான பூனையானாலும் அந்த இரைச்சலில் துள்ளி ஓடிவிடும்; ஆகவே மார்புப் பட்டையும் கயிறும் கட்டியே கொண்டுபோங்கள், அதையும் வீட்டில் பழக்கியிருக்க வேண்டும். தூக்க மருந்து கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் உள்ள விலங்குக்கு இரத்த அழுத்தமும் மூச்சும் தாழ்ந்து, உயரத்தில் ஆபத்தாகிவிடும். மயக்கம் தெரிந்தால் விமான நிறுவனமே ஏற்ற மறுக்கும். கருத்தடை செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள். பருவ காலத்தில் உள்ள பெண் பூனையோடு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறப்பது இருவருக்குமே வேதனை. இறைச்சி, பால் சேர்ந்த உணவை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால், பையில் தயிர்சோற்றையோ டின் உணவையோ எடுத்துப்போக எண்ண வேண்டாம். அங்கே கிடைக்கும் உலர் உணவு ஒன்றுக்குப் பூனையை இங்கேயே மெல்ல மாற்றிவிடுங்கள்.

இனி, திரும்பி வருவது. நம் நாட்டின் சுங்க விதி வளர்ப்பு விலங்கையும் இறக்குமதியாகவே பார்க்கிறது. 2013-இல் சுங்க வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு தங்கிவிட்டுக் குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு வருபவர், இரண்டு வளர்ப்பு விலங்குகள் வரை பயணச் சுமையாகக் கொண்டுவரலாம். அந்த வரம்புக்கு வெளியே வருபவற்றுக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதி உரிமம் வேண்டும். உங்கள் கணவரின் வேலை பதினெட்டு மாதம். இரண்டு ஆண்டு நிறையாது. எனவே போகும்போது பள்ளிக்கரணையில் தரும் ஏற்றுமதிச் சான்றின் மூலப்படியை உயிர்போல் பாதுகாத்து வையுங்கள். இந்தப் பூனை இங்கிருந்து போன அதே பூனைதான் என்பதற்கு, அதிலுள்ள சிப் எண்ணைவிட வலுவான ஆதாரம் வேறில்லை. திரும்பும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அந்தச் சான்றை இணைத்து, சென்னை நிலையத்துக்கு எழுதி, உங்கள் நிலைமையைச் சொல்லி, உரிமம் குறித்து எழுத்தில் பதில் பெற்ற பிறகே பயணச்சீட்டு எடுங்கள். வேலை இரண்டு ஆண்டாக நீட்டிக்கப்பட வாய்ப்பிருந்தால், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் மருத்துவர்கள் மூன்று ஆண்டு செல்லுபடியாகும் ரேபிஸ் ஊசி போடுவதுண்டு. ஐரோப்பாவுக்குள் அது சரி. இந்தியா கேட்பதோ, பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலும் பன்னிரண்டு மாதத்துக்கு உள்ளும் போடப்பட்ட ஊசி. ஆகவே அட்டையில் இன்னும் காலம் இருந்தாலும், திரும்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு ஓர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் வாரத்தில் அங்குள்ள மாவட்ட அரசுக் கால்நடை அலுவலகத்தில் நலச்சான்று பெற்று, சென்னை நிலையத்தின் தடையில்லாச் சான்றோடு வர வேண்டும்.

இடையில் ஒரு தீபாவளிக்கோ மகாமகக் குளத்தருகே உறவினர் திருமணத்துக்கோ ஒரு மாதம் வந்து போவதாக இருந்தால், பூனையைக் கூட்டி வராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஐரோப்பாவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்து, அங்கே தரும் வளர்ப்பு விலங்குக் கடவுச்சீட்டில் பதிந்திருந்தால், திரும்பி அங்கே நுழைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இந்தியப் பக்கத்து நடைமுறை முழுவதையும் ஒரு மாத விடுமுறைக்காகச் சந்திப்பது பூனைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. நம்பகமான நண்பர் வீட்டில் அது நிம்மதியாக இருக்கும்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனும் இதே இரத்தப் பரிசோதனையையும் மூன்று மாதத்தையும் கேட்கிறது. ஆனால் அங்கே விமானத்தில் பூனை சரக்காக மட்டுமே இறங்க முடியும். அமெரிக்காவின் மத்திய அரசு பூனைக்கு ரேபிஸ் ஊசிச் சான்றைக்கூடக் கட்டாயமாக்கவில்லை, மாநிலங்கள் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த கடுமையான விதிகள் நாய்களுக்கானவை. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாகப் பூனையை ஏற்பதே இல்லை. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கி, உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்றாகியிருக்கிறது. ஆனாலும் இங்கிருந்து கொண்டுபோவதற்கான இறக்குமதி அனுமதி வேறு, வீட்டில் வளர்க்கும் உரிமம் வேறு. எங்கே போவதானாலும், சீட்டு எடுக்கும் முன் அந்நாட்டு அரசின் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது சென்னையில் இறங்குவது வேலை நாளின் பகல் நேரமாக இருக்கும்படி பாருங்கள். விமான நிலையத்தில் தனிமைப்படுத்தல் அலுவலர் வந்து பூனையைப் பார்த்து, சிப்பைப் படித்து, தாள்களோடு ஒப்பிட்டு ஒப்புதல் தந்தால்தான் சுங்கத்தில் விடுவார்கள். நள்ளிரவிலோ விடுமுறை நாளிலோ இறங்கினால், பதினைந்து மணி நேரம் பயணித்த பூனை கூண்டுக்குள்ளேயே காத்திருக்க நேரும். அங்கிருந்து நேராகச் சுவாமிமலைக்கு வந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கொல்லைப் பக்கமோ ஆற்றுப் பக்கமோ விடாமல் ஓர் அறையில் வைத்திருங்கள். பதினெட்டு மாதத்தில் தெருவின் பூனைகள் மாறியிருக்கும், அதற்கு அந்த வாசனைகள் புதியவை.